ஜைரோட்ரான்: டியூஷன் வகுப்பிலும் வாசலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கும் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவர்களுக்கும் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வகுப்பில் அணுக்கரு இணைவு பற்றிப் பேசப்போக, ஜைரோட்ரான் பற்றிய சந்தேகங்கள் நிற்காமல் வர ஆரம்பித்தன. பிள்ளைகளோடு, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருக்கும் ஒருவர், தோட்டத்துப் பெரியவர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். பின்னால் சுட்டிக்காட்ட வசதியாக எண்ணும் கொடுத்திருக்கிறேன்.

1. டீச்சர், ஜைரோட்ரான்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

மின்சாரத்தை வாங்கிக்கொண்டு மிக வலுவான மில்லிமீட்டர் அலைகளை வெளியே அனுப்பும் வெற்றிடக் குழாய். ஆளைவிட உயரமாக இருக்கும். அதைச் சுற்றி ஒரு பெரிய மீக்கடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் கம்பியால் சுற்றியது). உள்ளே எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று சுழன்று தங்கள் ஆற்றலை அலையாக மாற்றுகின்றன.

இன்றைய பெரிய ஜைரோட்ரான் ஒன்று 1 மெகாவாட் அலை தரும். நம் நாட்டில் இருக்கும் ஒரே அணு உலை, பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு உலை. அதன் வெப்பத் திறனும் 1 மெகாவாட்தான். அவ்வளவு ஆற்றல், உள்ளங்கை அகலத்து ஜன்னல் ஒன்றின் வழியாக ஒரே கற்றையாக வெளியே வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

2. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அடுப்பில் இருப்பது மேக்னட்ரான். 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், திறன் 1 கிலோவாட் அளவு. ஜைரோட்ரான் 28 முதல் 170 கிகாஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலும் போகும். 170 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.76 மில்லிமீட்டர்தான்.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று இருக்கிறது. மேக்னட்ரான், கிளைஸ்ட்ரான் போன்ற பழைய குழாய்களில் உள்ளிருக்கும் உலோக அறைகள் அலைநீளத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். அலை சிறிதானால் பாகங்களும் சிறிதாகும். மில்லிமீட்டர் அலைக்கு மில்லிமீட்டர் அளவுப் பாகம் செய்து, அதற்குள் கிலோவாட் கணக்கில் ஆற்றலைத் தள்ளினால் செம்பு உருகிவிடும். அதனால் பல காலம் சென்டிமீட்டர் அலைகளில் நிறையத் திறன் கிடைத்தது, லேசர் பக்கம் ஒளியிலும் கிடைத்தது, நடுவில் மில்லிமீட்டர் பகுதி மட்டும் வறண்டு கிடந்தது.

ஜைரோட்ரானின் அறை அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். 170 கிகாஹெர்ட்ஸ் குழாய் ஒன்றில் அறையின் விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், அதாவது அலைநீளத்தைப் போல் 20 மடங்கு. இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

3. அந்த எலக்ட்ரான் சுத்துறதால எப்படி அலை வருது? படிவம் 5 பிள்ளைக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.

காந்தப்புலத்தில் ஓடும் எலக்ட்ரான் மேல் பக்கவாட்டில் விசை விழும், அது வட்டமடிக்கும். படிவம் 5 மின்காந்தவியலில் வரும் விசைதான். ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று என்பதைக் காந்தப்புலம் தீர்மானிக்கிறது: 1 டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். 170 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 7 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். 170-ஐ 28-ஆல் வகுத்தால் 6.1 தானே வருகிறது என்று கேட்கும் பிள்ளை இருக்கும். சரியான கேள்வி. குழாயில் எலக்ட்ரான்களை சுமார் 80 கிலோவோல்ட்டில் முடுக்குகிறார்கள். வேகம் ஒளியின் வேகத்தில் பாதியைத் தொடும். அந்த வேகத்தில் ஐன்ஸ்டைன் சொன்னபடி எலக்ட்ரான் கனத்துப்போகும், சுழற்சி மெதுவாகும். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் கூடுதல் புலம் வேண்டும்.

சுழன்றால் மட்டும் போதாது. கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் ஆளுக்கொரு கட்டத்தில், அதாவது சுற்றின் ஆளுக்கொரு இடத்தில், சுழன்றால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று எடுத்துவிடும். இங்கேதான் அந்தக் கனத்துப்போகும் குணம் உதவுகிறது. அலைக்கு ஆற்றலைக் கொடுத்த எலக்ட்ரான் இலேசாகி வேகமாகச் சுழலும். அலையிடம் ஆற்றலை வாங்கிய எலக்ட்ரான் கனத்து மெதுவாகச் சுழலும். கோலாட்டத்தில் தாளம் தப்பியவர்களில் முந்தியவர் நிதானித்து, பிந்தியவர் விரைந்து, எல்லாக் கோலும் ஒரே நொடியில் தட்டுவதைப் போல, கொஞ்ச தூரத்திலேயே எலக்ட்ரான்கள் கூட்டமாகச் சேர்ந்துவிடும். அலையின் அதிர்வெண்ணைச் சுழற்சியைவிடத் துளி அதிகமாக வைத்தால், அந்தக் கூட்டம் அலைக்கு ஆற்றலைக் கொடுக்கும் கட்டத்துக்கு வழுக்கி வந்து சேரும். கூட்டம் முழுதும் சேர்ந்து கொடுப்பதுதான் மெகாவாட்.

4. இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காக்காரனா ரஷ்யாக்காரனா?

கோட்பாடு மூன்று இடத்தில் தனித்தனியாகப் பிறந்தது. 1958-ல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ட்விஸ், 1959-ல் யூர்கன் ஷ்னைடர், அதே ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் ஆந்த்ரே கபோனோவ். சோதனையில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவில் ஹிர்ஷ்ஃபீல்டும் வாக்டலும், 1964-ல். ஆனால் இன்று நாம் ஜைரோட்ரான் என்று சொல்லும் வடிவத்தில் குழாயைக் கட்டி இயக்கியது கபோனோவின் குழு. இடம் கோர்க்கி நகரம், இப்போது நிஸ்னி நோவ்கரோத். ஆண்டு அதே 1964.

முதல் குழாய் சில வாட் மட்டுமே தந்தது. பத்து ஆண்டுக்குள் அந்தக் குழு 2.78 மில்லிமீட்டர் அலையில் 12 கிலோவாட்டைத் தொடர்ச்சியாக எடுத்துவிட்டது. கோட்பாட்டுப் பெருமை மூவருக்கும் பொது. கருவியின் பெருமை கோர்க்கிக்கு என்பது என் கருத்து.

5. 170, 140-னு எண் சொல்றீங்களே, அதை யார் முடிவு பண்ணது?

இணைவு உலையின் காந்தப்புலம் முடிவு செய்கிறது. உலைக்குள் இருக்கும் பிளாஸ்மாவின் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் மிகச் சூடான வாயு) எலக்ட்ரான்களும் காந்தப்புலத்தில் சுழல்கின்றன. அவற்றின் சுழற்சிக்குப் பொருந்தும் அலையை அனுப்பினால் அவை விழுங்கிக்கொள்ளும். கேள்வி 3-ல் சொன்னதையே தலைகீழாகச் செய்வது இது: குழாயில் எலக்ட்ரான் கொடுக்கிறது, உலையில் எலக்ட்ரான் வாங்குகிறது.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் இருக்கும் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவு ஆய்வுக் கருவியின் புலம் 2.5 டெஸ்லா. 28-ஆல் பெருக்கினால் 70. அதன் இருமடங்கு 140. இரண்டாம் மடங்கிலும் எலக்ட்ரான்கள் நன்றாக விழுங்கும் என்பதால் அங்கே 140 கிகாஹெர்ட்ஸ் குழாய்கள். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஐடெர் என்ற இணைவு உலையின் மையத்தில் புலம் 5.3 டெஸ்லா, கணக்குப்படி 148 கிகாஹெர்ட்ஸ். ஆனால் வளையத்தின் உட்பக்கம் புலம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. அலையைச் சாய்வாக அனுப்பினால், அதே திசையில் ஓடும் எலக்ட்ரான்களுக்கு அதிர்வெண் சற்றுக் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் 170-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.

6. இணைவு உலையில இதுக்குச் சூடு பண்ற வேலை மட்டும்தானா?

சூடாக்குவது முதல் வேலை. 2015 டிசம்பர் 10-ல் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் தன் முதல் பிளாஸ்மாவை உண்டாக்கியபோது, ஒரு மில்லிகிராம் அளவு ஹீலியம் வாயுவை 1.3 மெகாவாட் அலைத்துடிப்புதான் பத்து லட்சம் டிகிரிக்குக் கொண்டுபோனது. அலை எல்லாம் ஜைரோட்ரானிலிருந்து வந்தது. அங்கே ஒவ்வொன்றும் 1 மெகாவாட் தரக்கூடிய பத்துக் குழாய்களை வைத்துத் திட்டமிட்டிருந்தார்கள். ஐடெருக்கு முதல் திட்டத்தில் 24: ஜப்பான் 8, ரஷ்யா 8, ஐரோப்பா 6, இந்தியா 2 என்று பங்கு. புதிய திட்டத்தில் இந்தச் சூடாக்கும் திறனை இன்னும் கூட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இரண்டாவது. பிளாஸ்மாவில் காந்தக் கோடுகள் கிழிந்து, தீவு போன்ற வளையங்கள் உருவாகும். அவை வளர்ந்தால் வெப்பம் கசியும், கடைசியில் பிளாஸ்மாவே குலைந்துவிடும். அலையின் கற்றை மிகக் குறுகியது, கண்ணாடியைத் திருப்பி வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம். தீவு இருக்கும் இடத்திலேயே கற்றையை வைத்து, அங்கே குறைந்துபோன மின்னோட்டத்தை மீண்டும் ஓட்டினால் தீவு சுருங்கும். அவ்வளவு துல்லியமாக ஓரிடத்தைக் குறிவைப்பது மற்ற சூடாக்கும் முறைகளுக்கு எளிதல்ல.

7. வாயில வைரம் வச்சிருக்காங்களாமே, நிஜமா?

நிஜம். அலை வெற்றிடக் குழாயிலிருந்து வெளியே வர ஒரு ஜன்னல் வேண்டும். காற்றையும் தடுக்க வேண்டும், 1 மெகாவாட்டையும் தடையில்லாமல் விட வேண்டும். எந்தப் பொருளும் போகிற அலையில் கொஞ்சத்தை வெப்பமாக விழுங்கும். முன்பு நீலக்கல் படிகம், போரான் நைட்ரைடு என்று பலதையும் போட்டுப் பார்த்தார்கள். அதிகத் திறனில் சில விநாடிக்குள் சூடேறிவிடும், நிறுத்த வேண்டியிருக்கும்.

வைரம் மிகக் குறைவாக விழுங்குகிறது. விழுங்கியதையும் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தி ஓரத்துக்கு அனுப்பிவிடுகிறது, ஓரத்தில் தண்ணீர் ஓடும். வாயுவிலிருந்து படியவைத்து வளர்க்கப்பட்ட செயற்கை வைரத் தகடு இது. தடிமன் சுமார் 1.8 மில்லிமீட்டர். அந்த எண்ணும் கண்டபடி வந்ததல்ல. வைரத்துக்குள் அலைநீளம் சுருங்கும், அப்படிச் சுருங்கிய அரை அலைநீளத்தின் முழு மடங்காகத் தடிமன் இருந்தால் அலை திரும்பி அடிக்காது. 140 கிகாஹெர்ட்ஸுக்கு நான்கு மடங்கு, 170-க்கு ஐந்து மடங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டுமே 1.8 பக்கத்தில் வரும். எஸ்.டி.பி.எம். பிள்ளைகள் வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.38 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்.

1990களின் பிற்பகுதியில் இந்த ஜன்னல் வந்த பிறகுதான் குழாய்கள் மணிக்கணக்கில் ஓடும் நம்பிக்கை பிறந்தது.

8. 80 கிலோவோல்ட், 40 ஆம்பியர்னா 3.2 மெகாவாட் ஆச்சே. வெளியே வர்றது 1 தானே, மீதி எங்க போகுது?

ஆலை சார்ஜ்மேன் கேட்டது. இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை.

அலைக்கு ஆற்றல் கொடுத்த பிறகும் எலக்ட்ரான்களிடம் நிறைய மிச்சம் இருக்கும். அவை குழாயின் மேல்பகுதியில் இருக்கும் சேகரிப்பான் என்ற செம்பு உருளையில் மோதி வெப்பமாகும். அப்படியே விட்டால் மூன்றில் ஒரு பங்குதான் அலையாக வரும். 1994-ல் ஜப்பானியக் குழு ஒன்று வழி காட்டியது: மோதுவதற்கு முன்பே எலக்ட்ரான்களை எதிர் மின்னழுத்தத்தால் மெதுவாக்கி, மிச்ச ஆற்றலை மின்சாரமாகவே திரும்ப எடுத்துக்கொள்வது. திறன் விகிதம் 50 சதவீதத்தைத் தொட்டது. பின்னால் ஐடெருக்கான ஜப்பானியக் குழாய் 1 மெகாவாட்டில் 55 சதவீதம் வரை காட்டியது.

அப்போதும் கிட்டத்தட்ட இன்னொரு மெகாவாட் வெப்பமாகிறது. அதனால் எலக்ட்ரான் கற்றை ஒரே வட்டத்தில் அடிக்காதபடி சின்னக் காந்தச் சுருள்களால் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், சுற்றிலும் தண்ணீர் பாயும். ஜைரோட்ரான் அறையைப் பார்த்தால் பாதி இடம் தண்ணீர்ப் பைப்புகளாகத்தான் இருக்கும்.

9. இதை மனுஷங்க மேல அடிக்கிற ஆயுதமா வச்சிருக்காங்களாமே? 5ஜி கோபுரத்திலயும் இதுதானா?

முதல் பாதி உண்மை. அமெரிக்க ராணுவம் 95 கிகாஹெர்ட்ஸில் கூட்டத்தைக் கலைக்கும் கருவி ஒன்றைச் செய்தது. அலை தோலுக்குள் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் போகும், ஆனால் அந்த இடத்தில்தான் வலி உணரும் நரம்புகள் இருக்கின்றன. சூடு தாங்காமல் ஆள் விலகி ஓடுவார். 2010-ல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய், பயன்படுத்தாமலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூட்டமாக நின்று உரிமை கேட்பவர்கள் மேல் வலியைப் பாய்ச்சுவதை நான் ஏற்கவில்லை. கேட்கிற பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

இரண்டாம் பாதி தவறு. மலேசியாவில் 5ஜி முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸிலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. கோபுரத்தில் இருப்பது குறைகடத்திச் சில்லுகள், ஜைரோட்ரான் இல்லை. திறனும் எங்கேயோ கீழே. புற்றுநோய் வருமா என்று கேட்கும் அம்மாமார்களுக்கு: மில்லிமீட்டர் அலைக்கு மூலக்கூறைப் பிளக்கும் ஆற்றல் கிடையாது. அதிகத் திறனில் சுடும், அதுதான் ஆபத்து. ஜைரோட்ரான் ஆய்வகத்தில் கூடுதலாக எக்ஸ்-கதிர் ஆபத்தும் உண்டு, 80 கிலோவோல்ட் எலக்ட்ரான் செம்பில் மோதுவதால். அதற்கு ஈயத் தடுப்பு வைப்பார்கள்.

10. நம்ம செம்பனை ஆலையில, ரப்பர் ஷீட் காயவைக்க இதைப் போடலாமே?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி. ஆனால் வேண்டாம். கேள்வி 9-ல் பார்த்தீர்கள், ஈரமான பொருளில் இந்த அலை மேல்தோலோடு நின்றுவிடும். செம்பனைக் குலைக்கோ ரப்பர் ஷீட்டுக்கோ உள்ளே வரை சூடு போக வேண்டும். அதற்கு நீண்ட அலைதான் சரி, சாதாரண மேக்னட்ரான் போதும், விலையும் குறைவு. செம்பனைக் குலையை மைக்ரோவேவில் வேகவைக்கும் ஆய்வுகளும் அந்த அதிர்வெண்ணில்தான் நடக்கின்றன.

தொழிற்சாலையில் ஜைரோட்ரானுக்கு ஏற்ற வேலை பீங்கான் வகைப் பொருள்களைச் சுடுவது. சாதாரண மைக்ரோவேவை அவை விழுங்காமல் விட்டுவிடும், 24 முதல் 30 கிகாஹெர்ட்ஸில் நன்றாக விழுங்கும், சூடும் சீராகப் பரவும்.

11. பாறையை உருக்கிப் பூமியில துளை போடுறாங்கன்னு வீடியோ வந்துச்சு. நம்பலாமா?

நம்பலாம், அளவோடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பால் வாஸ்கோவ் பல ஆண்டு ஆராய்ந்த யோசனை. மில்லிமீட்டர் அலையால் பாறையை உருக்கி ஆவியாக்குவது, தேய்ந்துபோகும் துளைமுனையே இல்லாமல் ஆழத்துக்குப் போவது, அங்குள்ள வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது. 2018-ல் தொடங்கிய குவைஸ் நிறுவனம் 2025-ல் டெக்சாஸில் கருங்கல்லில் சுமார் 100 மீட்டர் வரை துளைத்துக் காட்டியது. அவர்கள் கனவு காண்பது 20 கிலோமீட்டர். மனிதன் இதுவரை போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. 100 மீட்டருக்கும் 20 கிலோமீட்டருக்கும் நடுவில் என்னென்ன தடை வரும் என்பதைப் போகப் போகத்தான் பார்க்க முடியும்.

12. மருத்துவத்துக்குப் பயன் உண்டா?

நேரடியாக நோயாளி மேல் இல்லை. புரதங்களின் வடிவத்தை அறிய அணுக்காந்த ஒத்ததிர்வு முறை இருக்கிறது, ஆனால் அணுக்கருவின் சமிக்ஞை மிகவும் பலவீனம். எலக்ட்ரானின் காந்தத்தன்மை புரோட்டானைவிடச் சுமார் 660 மடங்கு. ஜைரோட்ரான் அலையால் எலக்ட்ரானைத் தூண்டி அந்த ஒழுங்கை அணுக்கருவுக்கு மாற்றினால் சமிக்ஞை பெருகும். 1993-ல் எம்.ஐ.டி.யில் ராபர்ட் கிரிஃபினின் குழு 140 கிகாஹெர்ட்ஸ் குழாயை வைத்து இதைக் காட்டியது. இப்போது 263, 395, 527 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் கடையில் வாங்கும் பொருளாகிவிட்டன. இவற்றுக்கு மெகாவாட் தேவையில்லை, சில பத்து வாட் போதும்.

13. ஒரே குழாயில 10 மெகாவாட் எடுத்துட்டா 24 குழாய் எதுக்கு?

கேள்வி 2-க்குத் திரும்புங்கள். அறை பெரிதாக இருப்பதுதான் ஜைரோட்ரானின் பலம். ஆனால் பெரிய அறைக்குள் அலை ஒரே வடிவத்தில் நிற்காது. அடுத்தடுத்த அதிர்வெண்ணில் பல வடிவங்கள் நெருக்கமாக இருக்கும், எலக்ட்ரான்களின் ஆற்றலுக்கு எல்லாம் போட்டி போடும். வேண்டாத வடிவம் வென்றால் கற்றை கோணலாகி, ஜன்னலுக்குப் போகாமல் குழாய்க்குள்ளேயே சூட்டைக் கொட்டும். அறையை இன்னும் பெரிதாக்கினால் போட்டியும் கூடும். பெரிதாக்காமல் திறனைக் கூட்டினால் சுவர் தாங்காது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாட் என்பதே எல்லையை ஒட்டிய அளவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் 1 மெகாவாட்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் அறையின் நடுவே ஒரு உலோகத் தண்டை நிறுத்தி, வேண்டாத வடிவங்களைக் குறைத்து, 2 மெகாவாட்டுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விநாடிக்கும் மிகக் குறைந்த நேரம்தான். அதை நீண்ட நேரம் ஓட்டுவதுதான் இப்போதைய உழைப்பு.

14. என் மகளுக்கு இதுல ஆசை வந்துடுச்சு. மலேசியாவுல இருக்கா? எந்த வழியில போகணும்?

இந்த மாதிரி மெகாவாட் ஜைரோட்ரானைக் கட்டும் பட்டியலில் மலேசியா இல்லை. ஆனால் பிளாஸ்மா இயற்பியலுக்கு இங்கே நல்ல வேர் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் லீ சிங் 1980களில் உருவாக்கிய சிறிய பிளாஸ்மா ஃபோகஸ் கருவி வளரும் நாடுகள் பலவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், அப்புறம் இயற்பியல் அல்லது மின்பொறியியல் பட்டம், மேற்படிப்புக்குக் கார்ல்ஸ்ரூ, சுவிட்சர்லாந்தின் லோசான், ஜப்பானின் ஃபுகுயி, எம்.ஐ.டி. என்று போகலாம். இந்தியாவில் பிலானியில் இருக்கும் மின்னணு ஆய்வு நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 42 கிகாஹெர்ட்ஸ், 200 கிலோவாட் குழாய்த் திட்டத்தை எடுத்துச் செய்தது. காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமும் அதில் உண்டு.

இயற்பியல் பட்டம் மட்டும்தான் வாசல் என்று நினைக்க வேண்டாம். வைரத்தைச் செம்போடு காற்றுப் புகாமல் ஒட்டுவது, மீக்கடத்திக் காந்தத்தை 4 கெல்வினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது, 80 கிலோவோல்ட் மின்வழங்கியைப் பராமரிப்பது, தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடுவது எல்லாம் தொழில்நுட்பர்களின் கை வேலை. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது. மகள் இப்போது படிவம் 4 என்றால் ஒத்ததிர்வுப் பாடத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்கட்டும். கேள்வி 3-ல் எங்கே இடறுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வரட்டும், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.